சந்தனப் பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

எங்கள் காருக்குப் பேசத் தெரியாது. படம் காட்டத்தான் தெரியும். சாவியைத் திருப்பியதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற கறுப்புக் கண்ணாடியில் பத்துப் பன்னிரண்டு சின்னப் படங்கள் ஒன்றாக எரியும். ஒன்று மூக்கு நீண்ட கெட்டில், அதன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு. ஒன்று தண்ணீரில் நட்டு வைத்த தெர்மாமீட்டர். ஒன்று பெல்ட் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கும் மொட்டைத்தலை ஆசாமி. எஞ்சின் கிளம்பிய கையோடு எல்லாம் அணைந்துவிடும். அணைந்துபோன விளக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க எனக்குப் பொழுது இல்லை.

நாற்பத்தாறு வயதில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கணவரின் மத்திய அரசு வேலை எங்களைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து போட்டு பதினெட்டு வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் மெட்ரோவிலும் ஆட்டோவிலும் அடுத்தவர் முழங்கைக்கு விலா எலும்பைக் கொடுத்தே பிழைத்தவள் நான். போன வருடம் போதும் என்று பட்டது. டாலிகஞ்சில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மாஸ்டர் கிளட்ச் சொல்லித்தந்தார், கியர் சொல்லித்தந்தார், டிராம் தண்டவாளத்தில் டயர் வழுக்காமல் ஏறி இறங்கச் சொல்லித்தந்தார். "இந்தப் படமெல்லாம் என்ன?" என்று கேட்டபோது மட்டும் "ஓட்டா கிச்சு நா" என்றார். அது ஒன்றுமில்லை என்று அர்த்தம். மாஸ்டரே ஒன்றுமில்லை என்ற பிறகு மாணவி என்ன செய்வாள்?

என் கணவர் எஞ்சினியரிங் படித்தவர். வண்டியோடு வந்த தடிமனான கையேட்டை முழுவதும் படித்து எனக்கு வகுப்பு எடுப்பதாக வாக்களித்தார். நல்ல மனிதர், நடக்காத வாக்குகளை மிகுந்த நம்பிக்கையோடு கொடுப்பார். அவர் முதல் பக்கத்தைத் திருப்புவதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. சரஸ்வதி பூஜைக்கு வீட்டிலிருக்கிற புத்தகங்களை எல்லாம் அடுக்கும்போது கையேட்டையும் சேர்த்து அடுக்கிப் பொட்டு வைத்தேன். விஜயதசமி காலையில் அடுக்கிலிருந்து எடுத்து ஆளுக்கொரு பக்கம் படிக்க வேண்டும் அல்லவா, கணவர் கையில் கையேடு வந்தது. குளித்து விபூதி பூசிக்கொண்டு, ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுவது எப்படி என்பதை சுலோகம் மாதிரி சத்தம் போட்டுப் படித்தார். படித்துவிட்டுத் திரும்ப பூஜை அலமாரியிலேயே வைத்தார். அதன் மேல் ஊதுபத்தி ஸ்டாண்டு ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையேட்டை யாரும் திறக்கவில்லை.

சரஸ்வதி பூஜை அன்றுதான் ஆயுத பூஜையும். தெருமுனைப் பந்தலில் நவமி டாக் மேளம் அதிர்ந்துகொண்டிருக்க, நான் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வீடு முழுக்க ஒரு சுற்று வந்தேன். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, கணவரின் லேப்டாப், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ். கடைசியில் கீழே இறங்கி காருக்கு வந்தேன். மெக்கானிக் தாதா (இந்த ஊரில் அண்ணன் என்றால் தாதா) செப்டம்பரிலேயே விஸ்வகர்மா பூஜைக்கு ஒரு சாமந்தி மாலை போட்டு அனுப்பியிருந்தார். அது வங்காளப் பூஜை, தமிழ்நாட்டுக் கணக்கில் சேராது என்பது என் கட்சி. பானெட்டுக்கு ஒன்று, டயருக்கு ஒன்று வீதம் நான்கு, ஸ்டீயரிங்குக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்தேன். மீட்டர் கண்ணாடிக்கும் ஒன்று வைக்க ஆசையாக இருந்தது. நான் பொறுப்பில்லாதவள் இல்லை. வேகம் காட்டும் முள்ளை மறைக்கக் கூடாது, பெட்ரோல் முள்ளை மறைக்கக் கூடாது என்று நன்றாகக் குனிந்து பார்த்து, நடுவில் ஒன்றுமே இல்லாத காலி இடமாகத் தேர்ந்தெடுத்து, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். விளக்குகள் எரியாதபோது அந்த இடம் காலியாகத்தான் தெரியும் என்பதை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் சாவியைத் திருப்பினேன். பொட்டு உள்ளிருந்து சிவந்து ஒளிர்ந்தது. மெய் சிலிர்த்துப்போனேன். எஞ்சின் கிளம்பி, கை பிரேக்கை இறக்கியதும் ஒளி மறைந்தது. சாமி ஒரு நொடி கண் திறந்து, சரி கிளம்பு என்று அனுமதி கொடுத்துவிட்டு மூடிக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சாவி போட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வைத்த பொட்டைத் துடைக்கிற பழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது, தானாக உதிர்ந்தால்தான் உண்டு. நான் அரைத்த சந்தனம், அவ்வளவு சுலபத்தில் உதிராது. ஜனவரி வந்தும் சிமென்ட் மாதிரி அப்படியே நின்றது.

இந்தப் பக்தி எல்லாம் இருந்தும் என் காரில் யாரும் மனமுவந்து ஏறியதில்லை. கணவர் ஏறினால் மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். மகள் அதற்கும் மேல். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். "மா, நான் மெட்ரோல போய்க்கறேன், நீ டென்ஷன் ஆகாத" என்று என்னவோ எனக்காகத் தியாகம் செய்கிற மாதிரி சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். எனக்கு அது உள்ளுக்குள் வலித்தது. வெளியே கோபமாக வந்தது.

ஜனவரியில் அவளுக்கு எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வு. மையம் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். காலை எட்டரைக்கு கேட் மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு பிரதமரே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். இரண்டு வருடமாக ராப்பகலாகப் படித்த பரீட்சை. கணவர் அந்த வாரம் சிலிகுரிக்கு டூர் போய்விட்டார். முதல் நாள் மாலை மகள் மெதுவாக, "மா, கேப் புக் பண்ணிக்கலாமா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "பெத்தவ வீட்ல கார வச்சுக்கிட்டு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், நீ கேப்ல போவியா?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் நிறுத்தவில்லை. முடிவில் வாய் தவறி, "ஒரு நிமிஷம் லேட்டானாலும் இனிமே ஸ்டீயரிங்கத் தொடமாட்டேன்" என்று சத்தியமும் செய்துவிட்டேன். மகள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "டீக் ஆச்சே" என்றாள். சரி என்று வங்காளத்தில் சொன்னாளே ஒழிய, முகத்தில் அந்தச் சரி இல்லை. படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் டிரைவிங் போனால் போகட்டும், அவளுடைய வருடம் போய்விட்டால்?

காலையில் தயிரும் சர்க்கரையும் கொடுத்து ஏழு மணிக்குக் கிளப்பினேன். கீழே வண்டியை எடுத்து கேட் தாண்டியதும் மாடி வீட்டு மாஷிமா, நம் ஊர்க் கணக்கில் பெரியம்மா, சால்வையைப் போர்த்திக்கொண்டு கிண்ணத்தோடு ஓடி வந்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் நெற்றியில் தயிரால் பொட்டு வைக்காவிட்டால் அவருக்கு அன்றைய சாதம் இறங்காது. கை பிரேக்கை மேலே இழுத்துப் போட்டு நின்றேன். "முட்டை ஏதும் தின்னலையே?" என்று வங்காளத்தில் கேட்டார். முட்டை தின்றால் மார்க்கும் முட்டை என்பது அவர் நம்பிக்கை. இல்லை என்று சத்தியம் செய்து, மகள் நெற்றியில் தயிர் வாங்கி, போதாததற்கு பானெட்டிலும் ஒரு தயிர்ப் பொட்டு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ஏழு இருபது. அவசரத்தில் பிரேக்கை இறக்கினேன். இறக்கியதாகத்தான் நினைத்தேன்.

அன்வர் ஷா ரோடெல்லாம் பனிமூட்டம். பொட்டு அணையாமல் ஒளிர்ந்துகொண்டே வந்தது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இன்றைக்குச் சாமி கண்ணை மூடவே இல்லை, கூடவே வருகிறது! வண்டி மட்டும் என்னவோ பாரமாக இழுத்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மனசில்லாமல் நகர்ந்தது. பனிக்காலத்தில் மனிதர்களுக்கே உடம்பு இழுத்துப் பிடிக்கிறது, வண்டிக்கு இருக்காதா என்று சமாதானம் செய்துகொண்டேன். பைபாஸில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், மகள் ஃபார்முலா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மா, என்னமோ கருகற வாசனை வருது."

"வெளில யாரோ குப்பை கொளுத்தறாங்க."

"மா, அந்தப் பொட்டு ஏன் எரியுது?"

"சாமிடி. நேத்தே வேண்டிக்கிட்டேன்."

அவள் என் பக்கமாகச் சாய்ந்து மீட்டரைப் பார்த்தாள். "தூர், மா! அது சாமி இல்ல, வார்னிங் லைட்! வண்டிய நிறுத்து!"

சலிப்பு வந்தால் அவளுக்குத் தமிழ் வராது, 'தூர்'தான் வரும். ஓரம்கட்டி நிறுத்தினேன். மணி ஏழு நாற்பத்தெட்டு. மூன்று மாதமாக நான் கன்னத்தில் போட்டுக்கொண்டது ஒரு எச்சரிக்கை விளக்குக்கு என்பது ஒரு பக்கம் உறைத்தது. பிள்ளையின் கேட் மூடப்போகிறது என்பது மறுபக்கம் உறுத்தியது. கேப் பிடிக்கலாம் என்று மகள் போனில் ஆப்பைத் திறந்தாள். வண்டி வந்து சேர இருபத்திரண்டு நிமிடம் என்றது. மூடினாள்.

கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏங்க, லைட் ஒண்ணு எரியுது."

"பதறாத. எந்தப் படம்?"

"பொட்டு."

"பொட்டுன்னு ஒரு படமே கிடையாதே!"

"நான் வச்ச பொட்டு. அதுக்குப் பின்னால எரியுது."

எஞ்சினியர் நிதானமாகச் சொன்னார். "மேனுவல எடுத்துப் பாரு."

"மேனுவல் பூஜை அலமாரில ஊதுபத்தி ஸ்டாண்டுக்கு அடியில இருக்கு. நீங்க அதுல ஒரே ஒரு பக்கம் படிச்சீங்க. இப்ப ஸ்டேஷன் மாத்தணுமா நான்?"

போனை வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் அவர் எதிரில் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

மகள் டாலிகஞ்ச் மெக்கானிக் தாதாவைக் கூப்பிட்டாள். மனிதர் அப்போதுதான் முதல் டீ குடித்துக்கொண்டிருந்தார், உறிஞ்சும் சத்தம் கேட்டது. என்னைப் பௌதி, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவார். "பயப்படாதீங்க பௌதி. ஒரே விதிதான். ஹொலுத் ஹோலே சோலுன், லால் ஹோலே தாரான்" என்றார். மஞ்சள் என்றால் ஓட்டு, சிவப்பு என்றால் நில். இதைவிடத் தெளிவாக உலகத்தில் யாரும் சொல்லித்தர முடியாது. "என்ன கலர் எரியுது?" என்றார்.

நானும் மகளும் குனிந்து பார்த்தோம். ஓரத்தில் சந்தனம் வழியாக வந்த வெளிச்சம் மஞ்சள். நடுவில் குங்குமம் வழியாக வந்த வெளிச்சம் சிவப்பு.

"ரெண்டும் எரியுது தாதா" என்றேன்.

"ஒரே லைட்டா?"

"ஒரே லைட்தான். சுத்தி மஞ்சள், நடுவுல சிவப்பு."

தாதா டீ குடிப்பதை நிறுத்தினார். இருபத்தைந்து வருடத் தொழிலில் அப்படி ஒரு விளக்கைக் கேள்விப்பட்டதில்லை என்றார். புது மாடல் வண்டிகளில் என்னென்னவோ வருகிறது, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார். எடுத்து அனுப்பினோம். பார்த்துவிட்டு, "பௌதி, இது பூஜா" என்றார்.

"மா, பொட்டத் துடைச்சுடு" என்றாள் மகள்.

"துடைக்கறதா? பரீட்சைக்குப் போற அன்னிக்குக் குங்குமத்த அழிக்கறதா? வாயக் கழுவு!"

நான் பெரிய சாஸ்திரக்காரி இல்லை. ராகுகாலம் பார்த்ததில்லை, பூனை குறுக்கே போனால் பூனைக்குத்தான் வழி விட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த நிமிடம் என் விரல் அந்தப் பொட்டின் பக்கம் போக மறுத்தது. அழித்துவிட்டு, அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், வாழ்நாள் முழுக்க அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்? இது முட்டாள்தனம் என்றும் தெரிந்தது. தெரிந்து என்ன, விரல் கேட்க வேண்டுமே. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "நான்தான் கெடுத்தேன். நீ கேப் கேட்டே. நான்தான் விடல" என்றேன்.

மகள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மணியைப் பார்த்தாள். ஏழு ஐம்பத்தெட்டு. பரீட்சைக்கென்று லேபிளைக் கிழித்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு விரலை நனைத்தாள். எட்டி, பொட்டின் மேல் தடவி ஊறவைத்து, நகத்தால் சுரண்டி எடுத்தாள். சுரண்டியதை மாஷிமாவின் தயிருக்கு மேலே தன் நெற்றியில் அப்படியே அப்பிக்கொண்டாள். ஈரச் சந்தனம் மூக்கு வரைக்கும் வழிந்தது.

"அழிக்கல மா. ஷிஃப்ட் பண்ணிட்டேன். இப்ப ஓகேவா?"

இருவரும் மீட்டர் கண்ணாடியைப் பார்த்தோம். பளிச்சென்று சிவப்பு. ஒரு வட்டம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி, இரண்டு பக்கமும் அடைப்புக்குறி.

"எதைப் பாத்துடி இதுக்கு ஆச்சரியம்?" என்றேன்.

"நம்மளப் பாத்துதான்" என்று சொல்லிக்கொண்டே அதையும் படம் எடுத்து அனுப்பினாள். அடுத்த நொடி போன் அடித்தது. தாதாவின் சிரிப்பு முதலில் வந்தது, பேச்சு வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. "பௌதி! ஹேண்ட்பிரேக்! ஹேண்ட்பிரேக்கைப் பாருங்க!"

பார்த்தோம். நிமிரவும் இல்லாமல் படுக்கவும் இல்லாமல் பாதியில் நின்றுகொண்டிருந்தது. என் கையும் மகளின் கையும் ஒரே நேரத்தில் அதன் மேல் விழுந்தன. பொத்தானை அமுக்கிக் கீழே தள்ளியதும் ஆச்சரியக்குறி மறைந்தது. லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து பைபாஸ் வரைக்கும் பிரேக் போட்டுக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறேன். இனி வண்டி போகுமா என்று தாதாவைக் கேட்டேன். ஐந்து நிமிடம் ஆறவிட்டு மெதுவாகப் போங்கள், சாயங்காலம் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். இரண்டு நிமிடம்தான் ஆறவிட்டேன்.

வண்டியைக் கிளப்பியதும் அது கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளி ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும், கேட்டால் அழுகை வரும், அழுதால் ரோடு தெரியாது. சிங்ரிகாட்டா சிக்னலில் சிவப்பு விழுந்தது. நிற்கிறோம், மணி எட்டு பதினாறு. பக்கத்தில் விசித்திரமான சத்தம் கேட்டது. பிள்ளை அழுகிறாள் என்று பதறிப்போய்த் திரும்பினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சுத்தி மஞ்சள், நடுவுல சிவப்பு" என்று என் குரலிலேயே சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. பச்சை விழுந்தது தெரியாமல் இருவரும் சிரித்துக்கொண்டிருந்ததில் பின்னாலிருந்த பஸ்காரர் எங்கள் வம்சத்தையே விசாரித்தார்.

எட்டு இருபத்தாறுக்கு கேட் முன்னால் இறக்கிவிட்டேன். காவலாளி அவள் நெற்றியில் தயிரும் சந்தனமும் குங்குமமும் வழிவதைப் பார்த்துவிட்டு, அனுமதிச் சீட்டில் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, மறுபடி நெற்றியைப் பார்த்தார். கைக்குட்டையால் துடைக்கச் சொன்னார். அவள் துடைத்தாள். நான் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல் செய்யாத வரைக்கும் சரி என்று மனசு உடனே ஒரு சலுகை கொடுத்தது. அவள் உள்ளே ஓடினாள். நான்கு நிமிடத்தில் கேட் மூடியது.

மதியம் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கெமிஸ்ட்ரி பரவாயில்லையாம், கணக்கு நீளமாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு, "நீ கேப்ல வந்துடறியா? நான் பின்னாலயே மெதுவா வரேன். நிஜமாத்தான் சொல்றேன், கோவமெல்லாம் இல்ல" என்றேன். உண்மையிலேயே கோபம் இல்லை. காலையில் நான் செய்ததற்கு அது நியாயமான தண்டனை என்று நாலு மணி நேரம் நடைபாதையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டிருந்தேன்.

அவள் முன் கதவைத் திறந்து ஏறினாள், பெல்ட்டைப் போட்டாள், சீட்டைப் பின்னால் சாய்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள். செக்டர் ஃபைவ் திரும்புவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். நான் ஓட்டும் வண்டியில் ஒருவர் தூங்கியது அதுதான் முதல் தடவை. பைபாஸ் முழுக்க முப்பதைத் தாண்டவில்லை. ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப் போகிற மாதிரி ஏற்றி இறக்கினேன்.

வீட்டு வாசலுக்கு வந்து நிறுத்தியும் எஞ்சினை அணைக்கவில்லை. குழந்தையிலிருந்தே ஃபேன் சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிறவள் அவள். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. கீழ் வீட்டுக் காக்கு, அதாவது சித்தப்பா என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர், ஜன்னல் வழியாகப் புகை வருகிறது என்று கத்துவதற்காகவே செய்தித்தாளோடு வெளியே வந்தார். நான் உதட்டில் விரலை வைத்துப் பக்கத்து சீட்டைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார், செய்தித்தாளை மடக்கினார், செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் பெட்ரோல் பம்ப் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. யாரையும் கேட்காமல் எனக்குத் தெரிந்த ஒரே விளக்கு அதுதான். அதைப் பார்த்துக்கொண்டே எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.